குறுமலையின் தோல்: இரண்டு கல்லாறுகளுக்கு நடுவே ஒரு நுரைப்பலகை

(நீண்ட பதிவு. பொழுதுள்ளபோது வாசிக்கலாம்.)

கல்லாறு என்னும் பெயர் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களுக்கு உண்டு. நான் குறிப்பிட விரும்புபவை இரண்டு. ஒன்று, திருவனந்தபுரம் மாவட்டத்தில் விதுரையைக் கடந்து பொன்முடி செல்லும் சாலையில் உள்ளது. வாமனபுரம் ஆற்றின் மேற்பகுதிக்கு இங்குக் கல்லாறு என்றே பெயர். இங்கிருந்துதான் பொன்முடிக்கான 22 கொண்டையூசி வளைவுகள் தொடங்குகின்றன. மற்றொன்று, மேட்டுப்பாளையத்திற்கு அப்பால் நீலகிரியின் காலடியில் உள்ளது. நீலகிரி மலை இரயில்பாதையில் தண்டவாளங்களுக்கு இடையே பற்சட்டம் தொடங்குவது அந்தக் கல்லாற்று நிலையத்தை அடுத்துத்தான். முதற்கல்லாற்றில் இரயில் வந்ததே இல்லை. இரண்டாம் கல்லாறு இரயிலின்றி நினைவுக்கு வருவதே இல்லை. பெயரின் பொருளோ இரண்டிடத்தும் ஒன்றுதான்: கல் நிறைந்த ஆறு. தமிழிலும் மலையாளத்திலும் பிரித்துக் காட்ட வேண்டாத அளவுக்குத் தெளிவான சொல்.

இந்த இரண்டாம் கல்லாற்றை மேசைமேல் கட்ட முயல்வோர் உண்டு. சிற்றுருவ இரயில் கட்டுவோர் என்று அவர்களைச் சொல்லலாம். அவர்கள் வண்டியைப் பற்றி நிறையப் பேசுவார்கள். எஞ்சின் எந்த ஆண்டுக்குரியது, பெட்டியின் நீலம் சரியான நீலமா என்பனவற்றில் அவர்களுக்கு ஐயமே எழாது. வண்டி ஓடும் மலையைப் பற்றி எழுதப்பட்ட வரலாறு அதைவிடக் குறைவு. அந்த மலையின் உட்புறம் இன்று பெரும்பாலும் நுரைப்பலகை. அதன் மேற்பரப்பை மட்டம் செய்து, நிரவி, பட்டி பார்த்து, வண்ணம் ஏற்கும் நிலைக்குக் கொண்டுவரும் வேலை எங்கிருந்து வந்தது என்பதே இப்பதிவின் பொருள். இது மேலைநாட்டுப் பொழுதுபோக்கு ஒன்றின் கதை மட்டும் அன்று என்பதே என் எண்ணம்.

முதலில் அளவைகள். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்தில் உள்ளது. உதகமண்டலம் ஏறத்தாழ 2,200 மீட்டர். இடைத்தூரம் 46 கிலோமீட்டர். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகை வரையும் இப்பாதை திறக்கப்பட்டது. பற்சட்டப் பகுதியில் மிகுதியான ஏற்றம் ஏறத்தாழ 12க்கு 1. சிற்றுருவ இரயில்களில் மிகப் பரவலான அளவு 87இல் ஒரு பங்கு. அந்த அளவில் முழுப் பாதையையும் கட்டினால் 529 மீட்டர் நீளமும் 21 மீட்டருக்கு மேல் உயரமும் தேவைப்படும். ஏழுமாடிக் கட்டடத்தின் உயரம் அது. யாரும் கட்டப்போவதில்லை. ஒரு பாலம், ஒரு குகைவாய், ஒரு நிலையம் என ஒரு காட்சியைத் தேர்ந்துகொள்வதே வழக்கம். எட்டடிப் பலகை ஒன்று, அதாவது ஏறத்தாழ 2.4 மீட்டர், கிடைத்தால் 12க்கு 1 என்ற ஏற்றத்தில் வண்டி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குள் 20 சென்டிமீட்டர் ஏறிவிடும். 50 மில்லிமீட்டர் நுரைப்பலகைகள் நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் உயரம் அது.

இன்னொரு கணக்கும் உண்டு. தண்டவாளம் அமரும் தளத்தில் 1 மில்லிமீட்டர் மேடு இருந்தால், உண்மைப் பாதையில் அது 87 மில்லிமீட்டர் மேட்டுக்கு ஒப்பாகும். ஏறத்தாழ மூன்றரை அங்குல உயரத்திற்குத் திடீரென எழும் மேட்டில் எந்த வண்டியும் நில்லாது. ஆகவே மட்டம் செய்தல் என்பது கண்ணுக்கு அழகு சேர்க்கும் வேலை என்று கருதுவது தவறு. பாதை செல்லும் இடத்தில் அது பொறியியல். பாதைக்கு அப்பால் அது வேறொன்று. அதைப் பின்னர்ப் பார்ப்போம்.

சிறிய மலை செய்யும் கலை இரயிலுக்கு முந்தியது. பிரான்சில் பதினான்காம் லூயி காலத்தில், 1668இல் தொடங்கி, கோட்டை நகரங்களின் சிற்றுருக்கள் மரம், காகிதம், பட்டு, மணல் ஆகியவற்றால் செய்யப்பட்டன. போர்த் திட்டத்திற்குரியவை அவை. சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகரில் பிஃபர் என்னும் படைத்தலைவர் 1762 முதல் 1786 வரை உழைத்து நடுச் சுவிட்சர்லாந்தின் மலைகளை 26 சதுர மீட்டரில் உருவாக்கினார். அது இன்றும் அந்நகரில் காட்சிக்கு உள்ளது. அதே நாட்டின் விண்டர்தூர் ஆலையில்தான் பிற்காலத்தில் நீலகிரிக்கான எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் செய்யப்பட்டன. பற்சட்ட முறையை வகுத்த ரோமன் ஆப்ட்டும் சுவிட்சர்லாந்தினரே. மலையைச் சிறிதாக்கிப் பார்த்த நாடு, மலையேறும் எந்திரத்தையும் செய்தது. தொடர்பு என்று வற்புறுத்த மாட்டேன்; ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க விருப்பமாக இருக்கிறது.

ஜெர்மனியின் மேர்க்ளின் நிறுவனம் 1891இல் லைப்சிக் சந்தையில் வரையறுத்த அளவுகளைக் கொண்ட தண்டவாளத் தொகுதியை அறிமுகம் செய்தது. நீலகிரிப் பாதையின் பணி தொடங்கியதும் அதே ஆண்டில்தான். அதன்பின் பொம்மை இரயில் தரையில் வட்டமிடும் விளையாட்டுப் பொருள் என்ற நிலையிலிருந்து, நிலக்காட்சியோடு கூடிய சிற்றுலகமாக மாற ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. இங்கிலாந்தில் ஜான் அஹெர்ன் என்பவர் கட்டிய மேடர் பள்ளத்தாக்கு இரயில் இம்மாற்றத்தின் எல்லைக்கல். இன்று அது பெண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அக்காலத்து மலை கம்பிவலைமேல் காகிதக்கூழும் பாரிஸ் சாந்தும் பூசியது. பின்னர் அமெரிக்காவில், ஒரு புகழ்பெற்ற சிற்றுருவ இரயில் இதழின் ஆசிரியரான லின் வெஸ்ட்காட், காகிதத் துண்டுகளைச் சாந்துக் கரைசலில் தோய்த்துப் போர்த்தும் முறையைப் பரப்பினார். உள்ளே வெற்றிடம், வெளியே முட்டையோடு போன்ற கடினத் தோல்.

நம் ஊரில் கிறிஸ்துமஸ் குடில் கட்டுவோர் இதை வாசித்தால் சிரிப்பார்கள். பழைய சாக்கைச் சிமென்ட் பாலில் தோய்த்து, குச்சிகளின்மேல் போர்த்தி மலை செய்வது தென் தமிழகத்திலும் கேரளத்திலும் எந்தக் கையேடும் இன்றிப் புழங்கும் முறை. மலையாளத்தில் குடிலுக்குப் ‘புல்க்கூடு’ என்று பெயர். நவராத்திரிக் கொலுவுக்குப் பக்கத்தில் அமையும் ‘பார்க்’ இன்னொன்று. ஆற்றுமணலைக் குவித்து மேடாக்கி, நீர் தெளித்துக் கையால் தட்டி நிரவி, கேழ்வரகோ கடுகோ வெந்தயமோ விதைத்துப் புல்வெளி ஆக்கி, கண்ணாடித் துண்டைக் குளமாக வைத்து, சாவி கொடுத்த இரயிலை வளையவிடும் வழக்கம் தமிழ் வீடுகளில் பல தலைமுறையாக உண்டு. சிற்றுருவ இரயிலின் வரலாற்றை எழுதுவோர் கண்ணில் இது படுவதில்லை. ஒன்பது நாளில் கலைக்கப்படுவது என்பதாலா, பெண்களும் சிறுவர்களும் செய்வது என்பதாலா? இரண்டும் காரணமாகலாம். ஆனால் மலைச்சரிவு, நீர்நிலை, தாவரம், இயங்கும் வண்டி ஆகிய நான்கும் சேர்ந்த காட்சியை ஆண்டுதோறும் கட்டும் சமூகம் ஒன்று இங்கே இருந்திருக்கிறது.

இனி, திருவனந்தபுரம் நகரத்துக்குள் செல்ல வேண்டும். பத்மநாபசுவாமி கோயிலின் மூலவர் கல்லில் வடித்த உருவம் அன்று. 12,008 சாளக்கிராமங்களை அடக்கி, கடுசர்க்கரை யோகம் என்னும் கலவையால் உருவாக்கப்பட்டது. நீளம் 18 அடி. 1686இன் தீவிபத்துக்குப் பிறகு, மார்த்தாண்ட வர்மர் (1729–1758) காலத்தில் இவ்வுருவம் அமைந்தது. திருவட்டாறு ஆதிகேசவர் திருமேனியும் கடுசர்க்கரையால் ஆனதே. இம்முறையை விரிக்கும் சிற்ப நூல்களுள் ஒன்று கேரளத்தின் சிறீகுமாரர் 16ஆம் நூற்றாண்டில் எழுதிய சில்பரத்தினம். அதன் முதற்பகுதி 1922இல் திருவனந்தபுரம் சம்ஸ்கிருத நூல்வரிசையில் அச்சேறியது.

அந்த முறையின் அடுக்குகளைக் கவனியுங்கள். உள்ளே எலும்பாக மரச்சூலம். அதன்மேல் நரம்பாகத் தேங்காய்நார்க் கயிறு. அதன்மேல் தசையாகப் பதப்படுத்திய மண். அதன்மேல் தோலாகக் கற்பொடியும் பிசினும் கலந்த கூழ். மெல்லிய துணியைப் போர்த்தி அதன்மேல் வண்ணம் ஏற்றும் வழக்கமும் சிற்ப நூல்களில் உண்டு. கூழின் பெயரில் உள்ள ‘சர்க்கரை’ நாம் காப்பியில் இடுவது அன்று. வடமொழியில் அச்சொல்லின் மூத்த பொருள் பருக்கைக்கல், சரளை. கரும்புச் சாற்றைக் காய்ச்சி உடைத்தபோது கிடைத்த பரல்கள் சரளையைப் போன்றிருந்ததால் இனிப்புக்கு அப்பெயர் வந்தது. பாரசீகம், அரபு வழியே ஐரோப்பாவுக்குச் சென்றதும் அச்சொல்தான். கோயிலுக்குள் அது இன்னும் பழைய பொருளில், கல்லாகவே, இருக்கிறது. ஒரு சொல் தன் முதற்பொருளை இழக்காமல் மூன்று நூற்றாண்டு ஒரு சுவருக்குள் படுத்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிறு நடுக்கம் உண்டாகும்.

இத்தோலை எப்படிப் பேணுகிறார்கள் என்பதும் அறியத்தக்கது. மூலவருக்கு நீராட்டு இல்லை. உற்சவ மூர்த்திக்கே அது. சாத்திய மலர்களை மயிற்பீலியால் நீக்குவர். பூச்சின் இயல்பு வழிபாட்டின் நடைமுறையையே வகுத்துவிட்டது.

எலும்பு, நார், தசை, தோல் என்ற இவ்வரிசைக்கும் நுரைமலைக்கும் என்ன தொடர்பு? அதற்கு நுரையின் பிறப்பைச் சொல்லியாக வேண்டும்.

1839இல் பெர்லின் மருந்தாளர் எடுவார்ட் சிமோன் ஒரு மரப்பிசினிலிருந்து எண்ணெய் போன்ற பொருளை வடித்தார். அது நாளடைவில் கெட்டியாயிற்று. அதன் உண்மை இயல்பை, அதாவது நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலி என்பதை, 20ஆம் நூற்றாண்டில் ஹெர்மன் ஸ்டாடிங்கர் விளக்கினார். 1953இல் நோபல் பரிசு பெற்றார். பாலிஸ்டிரீனை நுரையாக்கும் வழிகள் இரண்டு. பிதுக்கி ஒரே சீராக வெளித்தள்ளும் முறையைச் சுவீடனின் முன்டர்ஸ் 1930களில் காப்புரிமை செய்தார். அமெரிக்காவின் டௌ நிறுவனம் அதை வளர்த்தது, இரண்டாம் உலகப்போரில் உயிர்காப்பு மிதவைகளுக்குப் பயன்பட்டது. மணிகளை ஆவியில் உப்பவைத்து ஒட்டும் முறையை ஜெர்மனியின் பாஸ்ப் நிறுவனத்தில் ஃபிரிட்ஸ் ஸ்டாஸ்ட்னி 1949இல் கண்டறிந்தார். முதலாவது, நீலமாகவோ இளஞ்சிவப்பாகவோ வரும் அடர்த்தியான பலகை. இரண்டாவது, உடைத்தால் வெண்மணிகளாக உதிர்வது. நாம் தெர்மாகோல் என்று அழைப்பது இந்த இரண்டாவதையே.

தெர்மாகோல் என்பதும் ஒரு வணிகப்பெயர். பாஸ்ப் நிறுவனத்தின் இந்தியக் கிளைக்குரியது. அந்த இந்திய நிறுவனம் 1943இல் ஆர். ஏ. கோல் என்ற பெயரில் பதிவானது. வணிகப்பெயரின் ஈற்றசை அங்கிருந்து வந்திருக்கலாம் என்பது என் ஊகம் மட்டுமே. அமெரிக்கரின் ‘ஸ்டைரோஃபோம்’ டௌ நிறுவனத்தின் பிதுக்குநுரைக்கு இட்ட பெயர்; மக்கள் வழக்கிலோ உதிரும் வெண்ணுரைக் கோப்பையைக் குறிக்கிறது. இலங்கைத் தமிழர் ‘ரெஜிபோம்’ என்பர். அதுவும் வணிகப்பெயர் வழி வந்ததே. ஒரே பொருளுக்கு மூன்று நாட்டில் மூன்று கடைப்பெயர்கள், எதற்கும் வேர்ச்சொல் இல்லை. தமிழில் இதற்குக் கலைச்சொல் படைத்தவர்கள் உண்டு. கடைக்காரரிடம் அதைச் சொல்லி வாங்கியவர் உண்டா என்பது வேறு கேள்வி. 2017 ஏப்ரலில் வைகை அணையின் நீர் ஆவியாவதைத் தடுக்க இவ்வட்டைகளைப் பரப்பி, அவை காற்றில் கரையொதுங்கிய நிகழ்வுக்குப்பின், தமிழில் இச்சொல்லுக்குப் பகடிப்பொருளும் சேர்ந்துகொண்டது. அகராதிக்காரர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

சிற்றுருவ இரயிலாளர்கள் சாந்தை விட்டு நுரைக்கு மாறியதன் முதற்காரணம் எடை. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 சென்டிமீட்டர் தடிப்புக்குச் சாந்து பூசினால் 10 கிலோவுக்குக் குறையாது. அதே பரப்பில் 50 மில்லிமீட்டர் பிதுக்குநுரைப் பலகையின் எடை ஒன்றரைக் கிலோ அளவில் நின்றுவிடும். பலகையைத் தூக்கிச் சென்று கண்காட்சியில் வைக்கலாம். மலையைக் குடைந்து பள்ளமாக்கலாம். சாந்துமலையில் தரைமட்டத்திற்குக் கீழே ஆறு செதுக்குவது கடினம். கல்லாற்றைக் கட்டுவோருக்கு இது முதன்மையான வசதி, ஏனெனில் அங்கே பாதையைவிட ஆறு தாழ்ந்தது.

வேலையின் ஒழுங்கு இது. பலகைகளைச் சரிவின் வடிவில் அடுக்கி, நீரில் கரையும் பசையால் ஒட்டுவர். தின்னர் கலந்த பசையும் தெளிப்பு வண்ணமும் ஆகா. அவை நுரையைக் கரைத்துக் குழியாக்கும். பின்பு, மெல்லிய பல்லுள்ள கத்தியாலோ சூடேற்றிய நிக்ரோம் கம்பியாலோ படிகளைச் சீவுவர். கம்பி நுரையை எரிப்பதில்லை, உருக்கிச் செல்கிறது. ஆயினும் எழும் ஆவி மூச்சுக்கு நல்லதன்று, சன்னலைத் திறந்துவைக்க வேண்டும். அடுத்து அரம், அதன்பின் உப்புத்தாள், பருவெட்டிலிருந்து நுண்வெட்டுக்கு. பிதுக்குநுரை இதற்கு நன்றாக இடங்கொடுக்கும். மணிநுரையோ அரத்தில் மாட்டி மணிமணியாகப் பிய்ந்து அம்மைத்தழும்பு போலாகும். அதை எத்தனை முறை தேய்த்தாலும் மட்டமாகாது, மேற்பூச்சு ஒன்றே வழி.

பூச்சில்தான் நுட்பம் இருக்கிறது. இரு பலகைகளின் இணைப்புக் கோட்டில் மட்டும் பட்டி இட்டு, காய்ந்தபின் உப்புத்தாள் போட்டால் என்ன நிகழும்? பட்டி கடினம், நுரை மென்மை. தாள் நுரையை விரைவாகத் தின்னும், பட்டியை மெல்லத் தின்னும். பள்ளத்தை நிரப்பப் போன இடம் வரப்பாக எழுந்து நிற்கும். எவ்வளவு தேய்க்கிறோமோ அவ்வளவு வரப்பு உயரும். இதற்குத் தீர்வு, கோட்டை மட்டும் பாராமல் பரப்பு முழுவதையும் ஒரே பூச்சால் மூடுவது. அப்போதுதான் தாளுக்கு எங்கும் ஒரே கடினம் எதிர்ப்படும்.

ஆனால் அங்கே இரண்டாவது சிக்கல் பிறக்கிறது. சுண்ணாம்புப் பூச்சில் தேர்ந்த கொத்தனார்கள் அறிந்த விதி, உள்ளடுக்கு வலிது, வெளியடுக்கு மெலிது என்பது. வெளித்தோல் கடினமாகவும் உட்புறம் நெகிழ்வாகவும் இருந்தால் தோல் வெடிக்கும். நுரைமலை இவ்விதியைப் பிறப்பிலேயே மீறுகிறது. அழுத்தினால் அமுங்கும் உடலின்மேல் ஓடு போன்ற தோல். வெண்சிமென்ட் பட்டியை நேரடியாக இட்டால், பலகை சற்று வளைந்தாலே மயிரிழை விரிசல் ஓடிவிடும். அதைத் தடுக்க உலகெங்கும் இப்பொழுதுபோக்கினர் கண்ட வழி என்ன? பசையில் தோய்த்த மெல்லிய காகிதத்தையோ வலைத்துணியையோ முதலில் ஒட்டி, அதன்மேல் நெகிழ்வுள்ள அக்ரிலிக் பட்டியை இடுவது. மென்மைக்கும் வன்மைக்கும் நடுவே நார்.

கடுசர்க்கரையில் தேங்காய்நார், குடிலில் சாக்கு, அமெரிக்க முறையில் காகிதத் துண்டு, நுரையில் வலைத்துணி. இவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றார்கள் என்று கூற எந்தச் சான்றும் தேவையில்லை, கூறவும் கூடாது. ஒரே இயற்பியல் சிக்கல் ஒரே விடையைப் பல கைகளிலிருந்து பெற்றுக்கொண்டது. பண்பாட்டுப் பரவல் என்ற கருவியை எல்லாவற்றின்மேலும் வீசும் என் துறைசார் நண்பர்களுக்கு இது பயன்படலாம்.

சொற்களின் நிலை வேறு. அங்கே உண்மையான உறவு இருக்கிறது. கரடான பரப்பை ஒழுங்காக்கும் வினைகள் தமிழில் எத்தனை! நிரவுதல், வழித்தல், தீற்றுதல், பூசுதல், மெழுகுதல், இழைத்தல், அராவுதல், மினுக்குதல். ஒவ்வொன்றும் தனித்தனிக் கையசைவு. நிரவுதல் மேட்டைப் பள்ளத்தில் தள்ளுவது. வழித்தல் மிகுதியை நீக்குவது. தீற்றுதல் மெல்லிய படலம் இடுவது. சுதை தீற்றிய மாடம் என்பது பழைய வழக்கு. இழைத்தல் மரத்திற்குரியது, இழைப்புளி அதன் கருவி. மலையாளத் தச்சர் அக்கருவியைச் ‘சிந்தேர்’ என்பர். அரம் இரு மொழிக்கும் பொது. உப்புத்தாளுக்கு மலையாளத்தில் ‘உரகடலாசு’. தமிழ்ப்பெயர் அது பார்வைக்கு எப்படி இருக்கிறது என்று சொல்கிறது, மலையாளப்பெயர் அது என்ன செய்கிறது என்று சொல்கிறது. சுவர்ப்பூச்சு மலையாளத்தில் ‘தேப்பு’, தமிழின் தேய்ப்பு. காதலில் கைவிடப்படுவதையும் இன்றைய கேரள இளைஞர் அச்சொல்லாலேயே குறிப்பதால், கட்டட வேலை நடக்குமிடத்தில் இதைக் கேட்டு எழுதிக்கொள்வது சற்றுச் சங்கடமானது. மெழுகு தமிழில் மெழுகுவர்த்தியிலும் சாணம் மெழுகிய தரையிலும் நிற்க, மலையாளத்தில் ‘மெழுக்குபுரட்டி’ என்று சோற்றுத் தட்டில் வந்து அமர்கிறது.

நுரைமலை கட்டும் இளைஞர்கள் இவற்றில் எதையும் பயன்படுத்துவதில்லை; கற்ற காணொளியின் ஆங்கில வினைகளையே சொல்கிறார்கள். ‘பட்டி பார்த்தல்’ ஒன்று மட்டும் பெயின்டர்களின் வழியாக உள்ளே வந்திருக்கிறது. தூய்மை கருதி நான் இதைச் சொல்லவில்லை. பட்டியே ஆங்கிலச் சொல்தானே. நிரவுதல் வேறு, வழித்தல் வேறு என்று அறிந்த கைக்கு, ஒரே ஆங்கில வினையைக் கொண்ட கையைவிட இரண்டு வேலை கூடுதலாகத் தெரியும் என்பதே என் கவலை.

இனி, முன்பு ஒத்திவைத்த கேள்வி. பாதைத்தளம் மட்டமாக இருக்க வேண்டும். மலைச்சரிவும் அவ்வாறு இருக்க வேண்டுமா? நீலகிரிப் பாதை பாறையை வெட்டிச் சென்ற பாதை. அதில் 16 குகைகள், 250 பாலங்கள். கல்லாற்றுக்கும் ஹில்குரோவுக்கும் நடுவே மழைக்காலத்தில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நிற்பது அடிக்கடி நிகழ்வது. அந்தச் சரிவைத் தலையணை போல் வழவழப்பாக்கினால் அது எந்த மலையும் ஆகாது. நான் பார்த்த பல சிற்றுருக்களின் குறை இதுவே: உப்புத்தாளைக் கீழே வைக்க மனம் வராத கை. வெட்டிய பாறை முகத்தில் கத்தி பிய்த்த தழும்பை அப்படியே விடலாம். ஆற்றின் உருளைக்கல் மட்டும் மழுங்கலாம். எங்கள் கல்லாற்றின் படுகையில் கிடக்கும் கற்களைப் பார்த்தால் நீர் எதை நிரவும், எதை நிரவாது என்று விளங்கும். நீரோட்டம் தொடும் உயரம் வரை உருண்டை; அதற்கு மேல் கூர்விளிம்பு.

மற்றொரு பாதையை இங்கே நினைக்க வேண்டும். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை சென்ற குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில். 1902இல் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908இல் குறுகிய இரட்டைத் தண்டவாளமாகி, 1924 வெள்ளத்தில் முற்றிலும் அழிந்தது. கேரளத்தில் அவ்வெள்ளத்திற்குக் கொல்லம் ஆண்டு 1099ஐ ஒட்டித் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று பெயர். தண்டவாளத்தோடு சரிவுகளின் வடிவமும் மாறிற்று. அதை இன்று கட்டுபவர் மலையின் ஒவ்வொரு அங்குலத்தையும் முடிவு செய்தே ஆக வேண்டும். எதை நிரவினார் என்பதே அவர் எழுதும் வரலாறு ஆகிவிடும். மீட்டர் பாதையாக 1904இல் வந்து, 2018இல் முழுவதும் அகலப்பாதையான கொல்லம் – செங்கோட்டை வழிக்கும் இது பொருந்தும். பழைய வண்டிகளைப் படம் எடுத்தவர் பலர், பழைய சரிவுகளை எடுத்தவர் சிலர்.

கடைசியாகச் சட்டம். 2021 ஆகஸ்டில் வெளியான நடுவண் அரசின் நெகிழிக் கழிவு மேலாண்மைத் திருத்த விதிகள், 2022 ஜூலை 1 முதல் சில ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருள்களைத் தடை செய்தன. காது குடையும் குச்சி, பலூன் குச்சி ஆகியவற்றோடு, அலங்காரத்திற்கான பாலிஸ்டிரீனும் பட்டியலில் உண்டு. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் தெர்மாகோல் என்றும் எழுதப்பட்டுள்ளது. ஒரு கடைப்பெயர் அரசிதழின் பொருள்விளக்கமாக ஏறிய அரிய தருணம் அது. தடை பொருளுக்கு அன்று, நோக்கத்திற்கு. கூரைவெப்பம் தடுக்கும் பிதுக்குநுரைப் பலகையைக் கட்டடத்திற்கு வாங்கலாம். அதையே மலையாகச் செதுக்கினால் அது அலங்காரமா, கற்பித்தல் கருவியா, அடித்தளமா? குடிலுக்கு வெண்ணுரை அட்டையில் செய்யும் மலை அலங்காரம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஓர் அருங்காட்சியகத்தில் பல்லாண்டு நிற்கும் சிற்றுரு அப்படியன்று என்பது என் வாசிப்பு. ஒருமுறைப் பயன்பாடு என்ற தலைப்பே அதற்கு இடந்தருகிறது. வழக்கறிஞர்கள் மறுக்கலாம்.

ஆனால் சட்டத்தைவிட அண்மையில் ஒரு நிலவியல் உண்டு. அரம் தேய்த்து உதிரும் தூள் நிலைமின்னால் கையிலும் சட்டையிலும் ஒட்டும், பெருக்கினால் பறக்கும், முற்றத்துக்குப் போனால் மழைநீரோடு ஓடையில் இறங்கும். இங்கே எல்லா ஓடையும் கல்லாற்றுக்கு. கல்லாறு வாமனபுரம் ஆறாகி, மொத்தம் 88 கிலோமீட்டர் ஓடி, அஞ்சுதெங்குக் காயலை அடைகிறது. அந்நுரை அழுகாது, மிதக்கும். ஆகவே தூளை உலர்வாகத் தேய்க்காமல் ஈரத்துணி விரித்து அதன்மேல் தேய்ப்பதும், அரத்தைக் குறைத்துக் கத்தியை மிகுதியாக்குவதும், வெட்டுத்துண்டுகளைக் காகிதக்கூழோடு உள்நிரப்பாக மலைக்குள்ளேயே புதைப்பதும் இம்மழைப்பகுதியில் கட்டுவோருக்கு நான் சொல்லக்கூடியவை. நுரையே வேண்டாம் எனில், அட்டைக் கீற்றுகளைக் கூடைபோல் பின்னி அதன்மேல் காகிதமும் பசையும் போர்த்தும் முறை இருக்கவே இருக்கிறது. தேங்காய்நார்க் கழிவைப் பசையில் பிசைந்து மேற்பூச்சாக இட்டால், சரிவுக்கு வேண்டிய கரடும் காட்டுமண்ணின் நிறமும் ஒருங்கே கிடைக்கும். எடை சற்றுக் கூடும், வெடிப்பு குறையும்.

நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் கொத்தனார், தச்சர், பெயின்டர், பொம்மை செய்வோர் ஆகியோர் பரப்பை மட்டம் செய்வதற்கு வழங்கும் வினைச்சொற்களைப் பின்னூட்டத்தில் இடுங்கள். ஊர்ப்பெயரும், அச்சொல்லைச் சொல்லும்போது கை எப்படி அசைகிறது என்பதும் இருந்தால் மிக உதவும். குமரி, செங்கோட்டை, பாலக்காடு எல்லைச் சொற்கள் என் தொகுப்பில் மிகக் குறைவாக உள்ளன.